குறிப்புகள் நம் கையில் இருக்கட்டும்: அப்சிடியன், ஒரு தொடக்கம்

எங்கள் வீட்டில் ஒரு பழைய சிடி இருக்கிறது. 2002 வாக்கில் அப்பா பொறுமையாக உட்கார்ந்து தட்டச்சு செய்த குடும்பக் குறிப்புகள் அதில் உள்ளன. தாத்தா நிலம் வாங்கிய கதை, யாருக்கு யார் என்ன உறவு, ஊர்த் திருவிழாவில் எந்த நாள் யாருடைய மண்டகப்படி, எல்லாம். சில வருடங்களுக்கு முன் அதைத் திறந்து பார்த்தேன். ஃபைல் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் திரையில் வந்தது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குவியல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோட் பரவலாவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் கணக்கு இருந்தது. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் எழுதியது கிறுக்கல்தான். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன என்றாலும், அப்பா பயன்படுத்தியது எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று.

இன்னொரு அனுபவம் இதற்கு நேர் எதிர். கைப்பேசியில் ஒரு குறிப்புச் செயலியில் ஐந்தாறு வருடம் எழுதிக்கொண்டிருந்தேன். கணக்குத் தொடங்கியது பழைய அலுவலக மின்னஞ்சலில். வேலை மாறினேன், அப்புறம் கைப்பேசியும் மாறியது. கடவுச்சொல் மறந்துவிட்டது; மீட்புக் கடிதம் போவதோ இப்போது என்னுடையதாக இல்லாத முகவரிக்கு. என் குறிப்புகள் உலகத்தில் எங்கோ ஒரு சர்வரில் நல்ல யூனிகோட் தமிழில் பத்திரமாக இருக்கின்றன. நான்தான் போய்ப் பார்க்க முடியாது.

முதல் கதையில் ஃபைல் கையில் இருந்தது, படிக்க முடியவில்லை. இரண்டாவதில் படிக்கலாம், ஆனால் கையில் இல்லை. ஆக, குறிப்பு எழுத ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது இரண்டே கேள்விகள் கேட்கிறேன். நான் எழுதுவது என் கணினியில் தனி ஃபைலாக விழுகிறதா? அந்தச் செயலி இல்லாமலே அந்த ஃபைலைத் திறந்து படிக்க முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வரும் செயலிகளில் ஒன்றை எப்படி அமைத்துக்கொள்வது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கணினியில் ஃபோல்டர் திறக்கத் தெரிந்தால் போதும்.

லாக்கரும் பீரோவும்

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் குறிப்புச் செயலிகள் பலவும் வங்கி லாக்கர் மாதிரி. பொருள் நம்முடையது, இருப்பது அவர்கள் இடத்தில். அவர்கள் திறந்து வைத்திருக்கும் நேரத்தில், அவர்கள் சொல்லும் விதிப்படி போய்ப் பார்க்கலாம். விதி மாறலாம். எவர்நோட் இலவசக் கணக்குகளில் 2023 டிசம்பரில் 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு வைத்தார்கள். பழைய குறிப்புகளை அழிக்கவில்லை, வெளியே எடுக்கவும் விட்டார்கள். ஆனாலும் அதை நம்பிப் பத்து வருடம் எழுதியவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சிதான்.

கணினியிலேயே ஃபைலாகச் சேமிப்பது வீட்டு பீரோ மாதிரி. சாவி நம்மிடம். இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும், யாரும் வாடகை கேட்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்தால் பொறுப்பும் நம்முடையதுதான். பேக்கப் என்ற வேலை இனி நம் தலையில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வகைச் செயலிகளைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசி வரியில்தான் சொல்வார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ‘உங்கள் கணினியிலேயே சேமிக்கிறோம்’ என்று சொல்கிற எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி இல்லை. ஜாப்ளின் ஒரு நல்ல, திறமூலச் செயலி, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் அது எல்லாக் குறிப்புகளையும் ஒரே தரவுத்தள ஃபைலுக்குள் வைக்கிறது. வேண்டும்போது தனித்தனி ஃபைலாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். என் கேள்விகளுக்கு அது பாதி பதில். அப்சிடியன், லாக்சீக், ஸெட்லர் போன்றவை ஒவ்வொரு குறிப்பையும் ஒரு தனி உரைக் கோப்பாகவே எழுதிப் பழகியவை. இதில் அப்சிடியனைத் தேர்ந்தெடுக்கிறேன். நான் தினமும் பயன்படுத்துவது அதுதான் என்பதைத் தவிர பெரிய காரணம் இல்லை.

அப்சிடியன் என்றால்

எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து உருவாகும் கறுப்புக் கண்ணாடிக் கல்லின் பெயர் அது. ஷிடா லி, எரிகா சூ என்ற இருவர் 2020இல் இந்தச் செயலியைத் தொடங்கினார்கள். அதற்கு முன் டைனலிஸ்ட் என்ற பட்டியல் செயலியை உருவாக்கியவர்கள். 1.0 பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் ஓடும். சொந்த உபயோகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இலவசம். அலுவலக வேலைக்குப் பயன்படுத்த முன்பு உரிமம் வாங்க வேண்டியிருந்தது, 2025 பிப்ரவரி முதல் அதுவும் விருப்பம் இருந்தால் மட்டும்.

இது திறமூல மென்பொருள் அல்ல. அதனாலேயே சிலர் இதைத் தொட மாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை செயலி மூடிய பெட்டியாக இருந்தாலும் அது எழுதும் ஃபைல் திறந்த வடிவத்தில் இருக்கிறது. நாளைக்கு இந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம்.

அந்த வடிவத்தின் பெயர் மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டது. தலைப்பு, பட்டியல், தடித்த எழுத்து ஆகியவற்றைச் சாதாரணக் குறிகளாலேயே காட்டிவிடலாம் என்பதுதான் யோசனை. அந்தக் குறிகளைச் செயலி அழகாக மாற்றிக் காட்டும். செயலி இல்லாவிட்டாலும் மனிதக் கண்ணுக்குப் புரியும். ஃபைல் பெயரின் கடைசியில் டாட் எம்டி (.md) என்று இருக்கும். அப்சிடியனின் இணையதள முகவரியும் அதே எம்டியில்தான் முடிகிறது. அது உண்மையில் மால்டோவா நாட்டின் இணையக் குறியீடு, பொருத்தமாக மாட்டிக்கொண்டது.

முதல் பத்து நிமிடம்

அப்சிடியன் தளத்திலிருந்தோ, கைப்பேசி என்றால் ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்தோ இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். கணக்குத் தொடங்கச் சொல்லாது. மின்னஞ்சல் முகவரி கேட்காது. பழக்கதோஷத்தில் ‘எங்கே லாகின்?’ என்று தேடுவோம், இல்லை, அவ்வளவுதான்.

திறந்ததும் ஒரு புதிய வால்ட் உருவாக்கட்டுமா என்று கேட்கும். வால்ட் என்றால் பெட்டகம் என்று பயமுறுத்துகிற பெயர். உள்ளபடி அது ஒரு சாதாரண ஃபோல்டர். பெயர் வைத்து, எங்கே வைப்பது என்று இடத்தைக் காட்டினால் அங்கே ஒரு ஃபோல்டர் உருவாகும். இனிமேல் எழுதுவதெல்லாம் அதற்குள்தான். உள்ளே டாட் அப்சிடியன் என்று ஒரு மறைவான ஃபோல்டரும் இருக்கும். அமைப்புகள், ப்ளக்இன்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) எல்லாம் அதற்குள். அதைத் தொட வேண்டியதில்லை. அழித்தாலும் குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, அமைப்புகள் மட்டும் தொடக்க நிலைக்குப் போய்விடும்.

எங்கே வைப்பது என்பதில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். விண்டோஸில் எல்லாரும் யோசிக்காமல் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரைத்தான் காட்டுவோம். பல கணினிகளில் அந்த டாகுமென்ட்ஸ், நமக்குத் தெரியாமலே ஒன்டிரைவுக்குள் போயிருக்கும். முகவரிப் பட்டையில் ஒன்டிரைவ் என்ற சொல் தென்படுகிறதா பாருங்கள். தென்பட்டால் உங்கள் குறிப்புகள் மேகத்துக்கும், அதாவது மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகின்றன. இடம் மிச்சப்படுத்த ஃபைலை மேகத்தில் மட்டும் வைத்துவிட்டு இங்கே பெயரை மட்டும் காட்டும் வேலையையும் அது செய்யும். இணையம் போன நேரத்தில் குறிப்பு திறக்காது. டி டிரைவில் ‘குறிப்புகள்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒன்டிரைவிலேயே இருக்கட்டும் என்றால், அந்த ஃபோல்டரை வலது சொடுக்கி ‘இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு’ என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள்.

சரி, எழுதுவோம். கன்ட்ரோல் விசையோடு ஆங்கில ‘என்’ (N) எழுத்தை அழுத்தினால் புதுக் குறிப்பு. மேலே பெயர், கீழே உள்ளடக்கம். சேமி என்று பொத்தான் எதுவும் கிடையாது. எழுத எழுதச் சேமித்துக்கொள்ளும்.

முதல் குறிப்பு எதைப் பற்றி இருக்கலாம்? ‘என் வாழ்க்கை இலக்குகள்’ என்று ஆரம்பித்தவர்கள் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். வீட்டில் அடிக்கடி தேடுகிற ஒரு விஷயத்தில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் அது தண்ணீர் மோட்டார். போன தடவை எப்போது பழுதானது, என்ன மாற்றினார்கள், எவ்வளவு கொடுத்தோம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். என் குறிப்பு இப்படி இருக்கிறது:

# மோட்டார்

ஒன்றரை எச்பி, சப்மெர்சிபிள். போர் ஆழம் 320 அடி.

## பழுது

- 2024-03-12: கெபாசிட்டர் மாற்றியது. ஆள்: [[எலெக்ட்ரீஷியன்]]
- 2024-11-02: பேனல் போர்டில் ரிலே போனது
- [ ] கோடைக்கு முன் கேபிளைப் பார்க்கச் சொல்ல வேண்டும்

#வீடு #தண்ணீர்

மார்க்டவுனில் அன்றாடத்துக்குத் தேவையானது பெரும்பாலும் இதற்குள் வந்துவிட்டது. முதல் வரியில் ஒரு வேலிக்குறி (#) போட்டு இடைவெளி விட்டால் பெரிய தலைப்பு. இரண்டு வேலிக்குறி என்றால் உபதலைப்பு. இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் என்றால் தடித்த எழுத்து. சிறுகோடும் இடைவெளியும் பட்டியல். சிறுகோட்டுக்குப் பின் இடைவெளி விட்ட சதுர அடைப்பு வந்தால் ‘டிக்’ அடிக்கும் கட்டம். அப்சிடியனில் எழுதும்போதே இவை தலைப்பாகவும் கட்டமாகவும் மாறிக் காட்சி தரும்.

புதியவர்கள் தடுமாறுகிற இடம் வேலிக்குறிதான். அதன் பின் இடைவெளி விட்டால் தலைப்பு. இடைவெளி விடாமல் சொல்லை ஒட்டினால் அது ஒரு குறிச்சொல். கடைசி வரியில் உள்ள வீடு, தண்ணீர் இரண்டும் குறிச்சொற்கள். தமிழிலேயே வைக்கலாம். வெறும் எண்ணை மட்டும் குறிச்சொல்லாக ஏற்காது. அதனால் 2024 என்று தனியாகப் போட முடியாது, கூட ஓர் எழுத்தாவது வேண்டும்.

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்படி எழுதினால், குறிப்பின் பெயரில் தேதி வரும் இடங்களில் அகர வரிசையே கால வரிசையாகவும் ஆகிவிடும். நம் வழக்கப்படி நாளை முதலில் போட்டால் ஜனவரி ஒன்றும் டிசம்பர் ஒன்றும் அடுத்தடுத்து வந்து உட்காரும்.

இரட்டை அடைப்பின் சங்கதி

மேலே எலெக்ட்ரீஷியன் என்ற சொல் இரட்டைச் சதுர அடைப்புக்குள் இருக்கிறது. அதுதான் இணைப்பு. அந்தப் பெயரில் ஒரு குறிப்பு ஏற்கெனவே இருந்தால் அங்கே கூட்டிப்போகும். இல்லையென்றால் மங்கலான நிறத்தில் தெரியும். சொடுக்கினால் அந்தப் பெயரில் புதுக் குறிப்பு பிறக்கும். அதில் அவர் எண், எந்த நாளில் கிடைப்பார், வாரக் கடைசியில் ஏன் கூப்பிடக் கூடாது என்று எழுதிவைக்கலாம்.

விஷயம் அதோடு முடியவில்லை. எலெக்ட்ரீஷியன் குறிப்பைத் திறந்து, வலப்பக்கப் பட்டையில் பேக்லிங்க்ஸ், அதாவது பின்னிணைப்புகள் பகுதியைப் பாருங்கள். அவரைக் குறிப்பிட்ட எல்லாக் குறிப்புகளும் அங்கே வரிசையாக இருக்கும்: மோட்டார், மாடி விளக்கு, இன்வெர்ட்டர். நீங்கள் தனியாகப் பட்டியல் போடவில்லை. போகிற போக்கில் பெயரை அடைப்புக்குள் எழுதியதோடு சரி. காகித நோட்டில் இதைச் செய்ய வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தில் அகரவரிசைப் பட்டியல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அப்படித்தான் செய்தார். சுமார் 90,000 துண்டுச்சீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைப்பட எழுதிய வழிகாட்டல். இந்தச் செயலிகளைப் பற்றிப் பேசும் எல்லாரும் அவர் பெயரை இழுப்பார்கள். நமக்கு அவ்வளவு லட்சியம் வேண்டாம். மோட்டார் ரிப்பேர் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

பின்னாளில் குறிப்பின் பெயரை மாற்றினால் இணைப்புகள் அறுந்துவிடாதா? அப்சிடியனுக்குள்ளேயே பெயர் மாற்றினால், எங்கெல்லாம் அந்தப் பெயர் அடைப்புக்குள் இருக்கிறதோ அங்கெல்லாம் அதுவே திருத்திக்கொள்ளும். வெளியே விண்டோஸ் ஃபோல்டரில் போய்ப் பெயர் மாற்றினால் திருத்தாது.

இணைப்பு இருப்பதால் ஃபோல்டர்களுக்கு அதிக வேலை இல்லை. ஆரம்பத்தில் எல்லாரும் செய்கிற தவறு, ஒரு வரிகூட எழுதாமல் இருபது ஃபோல்டர் போடுவது. நானும் போட்டேன், பதினேழு காலியாகவே கிடந்தது. இப்போது இரண்டுதான்: தினக்குறிப்புக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று. மற்றதெல்லாம் வெளியே குவியலாகக் கிடக்கிறது. கன்ட்ரோலோடு ஓ அழுத்திப் பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் வேண்டியது வந்துவிடும். எல்லாக் குறிப்புகளின் உள்ளேயும் தேட கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப். குறிப்புகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் கிராஃப் ஒன்றும் உண்டு. விளம்பரப் படங்களில் எல்லாம் அதுதான் இருக்கும். மார்கழிக் கோலம் மாதிரி பார்க்க அழகு. அதைப் பார்த்து நான் எதையும் கண்டுபிடித்ததில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க

ஆங்கில வழிகாட்டிகளில் வராத இரண்டு சங்கடங்கள் நமக்கு உண்டு.

முதலாவது ஔகாரம். ஔவை என்பதன் முதல் எழுத்து யூனிகோடில் ஒரே குறியீடு. பலர் அதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கௌரி, பௌர்ணமி போன்ற சொற்களிலும் இதே கதை. ஒற்றைக்கொம்பு போட்டு, ளகரத்தைத் தனியாகச் சேர்த்துவிடுவோம். ஒருவிதமாக எழுதி இன்னொரு விதமாகத் தேடினால் கிடைக்காது. அடைப்புக்குள் எழுதினால் ஏற்கெனவே இருக்கும் குறிப்புக்குப் போகாமல் புதிதாக ஒன்று பிறக்கும். ‘பௌர்ணமி’ என்று எனக்கு இரண்டு குறிப்புகள் இருந்தன. ஏன் என்று புரியவே வெகுநாள் ஆனது.

இரண்டாவது, பெயரின் நீளம். குறிப்பின் தலைப்புதான் ஃபைலின் பெயர். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று. அதிலும் ‘க்’ என்றால் ககரமும் புள்ளியும் சேர்ந்து இரண்டு குறியீடு. ஆக, நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐம்பது எழுத்துதான். விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணுவதால் அங்கே நீளமான பெயரை ஏற்றுக்கொள்ளும், கைப்பேசிக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளும். நாலைந்து சொல்லுக்குள் பெயர் வைப்பது எப்படியும் நல்லது. கேள்விக்குறி, சாய்கோடு, முக்காற்புள்ளி, சதுர அடைப்பு, வேலிக்குறி ஆகியவற்றையும் பெயரில் தவிர்த்துவிடுங்கள். சில இடங்களில் ஃபைல் உருவாகாது, சில இடங்களில் இணைப்பு வேலை செய்யாது.

மாற்றவேண்டிய அமைப்புகள்

கன்ட்ரோலோடு காற்புள்ளியை அழுத்தினால் அமைப்புப் பக்கம் திறக்கும். நூற்றுக்கணக்கில் தேர்வுகள் இருக்கும், மலைக்க வேண்டாம். ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ் என்ற பகுதியில் இரண்டை மட்டும் இன்றே மாற்றுங்கள். ஒன்று, குறிப்புக்குள் ஒட்டும் படங்கள் எங்கே போக வேண்டும் என்பது. விட்டுவைத்தால் எல்லாப் படமும் குறிப்புகளோடு கலந்து கிடக்கும், ‘படங்கள்’ என்று ஒரு ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். மற்றது, அழித்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்பது. நிரந்தரமாக அழி என்ற தேர்வின் பக்கமே போகாதீர்கள். கணினியின் குப்பைத்தொட்டிக்கோ அப்சிடியனின் சொந்தக் குப்பைத்தொட்டிக்கோ போகட்டும். இது தவிர, ஃபைல் ரெகவரி என்று கூடவே வரும் வசதி ஒன்று எழுதியவற்றின் பழைய படிகளை அவ்வப்போது எடுத்து ஒரு வாரம் வைத்திருக்கும். பத்தி ஒன்றை அழித்துவிட்டு மறுநாள் தேடும் சமயத்தில் அதன் அருமை தெரியும்.

ப்ளக்இன்கள் பற்றி. வெளியாட்கள் எழுதித் தந்தவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பலதும் அருமையானவை. ஆனால் அப்சிடியனுக்கு உங்கள் கணினியில் என்னென்ன அனுமதி இருக்கிறதோ அதெல்லாம் அவற்றுக்கும் உண்டு. ஃபைலைப் படிக்கலாம், இணையத்துக்கும் போகலாம். அதனால்தான் தொடக்கத்தில் அவற்றைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். முதல் ஒரு மாதம் அந்தப் பூட்டைத் திறக்காமலே இருங்கள். வேறு செயலியிலிருந்து பழைய குறிப்புகளைக் கொண்டுவர வேண்டியவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அப்சிடியன் குழுவே தரும் இம்போர்ட்டர் என்ற ப்ளக்இன் எவர்நோட், நோஷன், கூகுள் கீப் போன்றவற்றிலிருந்து ஏற்றுமதி செய்ததை மார்க்டவுனாக மாற்றித் தரும்.

கைப்பேசிக்கு

ஆண்ட்ராய்டில் வால்ட் உருவாக்கும்போது, செயலியின் சொந்தச் சேமிப்பிலா அல்லது சாதனத்தின் பொதுச் சேமிப்பிலா என்று கேட்கும். பொதுச் சேமிப்பைத் தேர்ந்தெடுங்கள். செயலிக்குள் வைத்தால், செயலியை நீக்கும் நாளில் குறிப்புகளும் சேர்ந்தே போய்விடும். ‘ஸ்பேஸ் ஃபுல்’ என்று வரும்போது கண்ணை மூடிக்கொண்டு செயலிகளை நீக்குவது நம் வீடுகளில் வழக்கமான காட்சி. ஐஃபோனில் ஐகிளவுடில் வைக்கும் தேர்வு இருக்கிறது. ஆப்பிள் கணினியும் வைத்திருப்பவர்களுக்கு அதுவே எளிது.

கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே குறிப்புகள் வேண்டுமென்றால் ஒத்திசைவு வேண்டும். அப்சிடியனே மாதக் கட்டணத்துக்குத் தருகிறது. அவர்களால்கூடப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துதான் அனுப்பும். இந்த நிறுவனத்தின் வருமானமே பெரும்பாலும் இதுபோன்ற கூடுதல் சேவைகள்தான். காசு கொடுக்க விருப்பமில்லை என்றால் சிங்க்திங் என்ற திறமூலக் கருவி இருக்கிறது. நடுவில் யாருடைய சர்வரிலும் வைக்காமல் உங்கள் இரண்டு சாதனங்களுக்கு நடுவே நேராக ஃபைலை நகர்த்தும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதிலிருந்து கிளைத்த இன்னொரு செயலியைத்தான் இப்போது பயன்படுத்துகிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே ஃபோல்டரை ஒன்டிரைவும் சிங்க்திங்கும் சேர்ந்து இழுத்தால், ஒரே குறிப்புக்கு மூன்று படிகள் முளைக்கும்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன மழைத்தண்ணீர் விஷயம். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. கைப்பேசியில் தவறுதலாக ஒரு குறிப்பை அழித்தால், ஒத்திசைவு தன் கடமையைச் செய்து கணினியிலும் அழித்துவிடும். பேக்கப் என்றால் தனியாக, தொடாமல் ஓரமாக இருக்கும் ஒரு படி. இங்கேதான் உரைக் கோப்பின் சிக்கனம் கைகொடுக்கிறது. ஐந்நூறு சொல் கொண்ட ஒரு தமிழ்க் குறிப்பு பத்துப் பதினைந்து கிலோபைட்தான் வரும். அப்படி ஆயிரம் குறிப்புகள் சேர்ந்தாலும் கைப்பேசியில் எடுத்த நாலைந்து போட்டோவின் கனம்தான். மேசை டிராயரில் கிடக்கும் பழைய பென் டிரைவே தாராளம். மாதம் ஒருமுறை வால்ட் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, ஃபோல்டர் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்து ஒட்டுங்கள். பழையதன் மேல் எழுதாதீர்கள்.

எளிய உரை என்பதன் மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. நமக்குப் படிக்க எளிது என்றால் கணினியைத் திறக்கும் யாருக்கும் எளிதுதான். குறிப்புகளுக்குப் பூட்டு எதுவும் இல்லை. ஏடிஎம் பின், நெட் பேங்கிங் கடவுச்சொல், ஆதார் எண் போன்றவற்றை இதில் எழுதாதீர்கள். அவற்றுக்குக் கீபாஸ் எக்ஸ்சி, பிட்வார்டன் மாதிரித் தனிக் கருவிகள் இருக்கின்றன. பென் டிரைவ் தொலையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லாம் அமைத்து ஒரு வாரம் எழுதிய பிறகு ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். அந்தப் பென் டிரைவை அப்சிடியன் இல்லாத வேறொரு கணினியில், நண்பர் வீட்டிலோ அலுவலகத்திலோ, செருகுங்கள். மோட்டார் என்ற ஃபைலை நோட்பேடில் திறங்கள். வேலிக்குறியும் சதுர அடைப்பும் அப்படியே தெரியும், அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் கெபாசிட்டர் மாற்றிய தேதி தமிழில் தெளிவாக இருக்க வேண்டும். நான் இதைச் செய்து பார்த்த அன்று, மாற்றி எடுத்த அப்பாவின் குறிப்புகளையும் டாட் எம்டி ஃபைல்களாக அதே ஃபோல்டரில் போட்டுவிட்டேன். ஏழாம் நாள் மண்டகப்படி யாருடையது என்று இப்போது கன்ட்ரோலும் ஓவும் சொல்லிவிடும்.